தாதிய மாணவர் கேட்டவை: பராமரிப்பவர்களின் குழுக்களில் என்ன படிக்கலாம்?

வாட்டில் நோயாளியின் மகளோடு தினமும் பேசுகிறோமே மிஸ், பிறகேன் வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்களின் முகநூல் குழுக்களைப் படிக்க வேண்டும்? (மாணவி, மட்டக்களப்பு)

வாட்டில் அவர் சொல்வது "பரவாயில்ல மிஸ்" மட்டும்தான். வாகரைக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர் வேறென்ன சொல்வார்? அவரைப் போன்றவர்கள் நள்ளிரவில் குழுவில் எழுதுவது வேறு: நித்திரை இல்லை, கட்டாரில் இருக்கும் தம்பி காசு அனுப்பிவிட்டுக் கணக்குக் கேட்கிறான், இன்று அப்பாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். பாரிசவாதக்காரரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்லி அனுப்புவது நாம்தான். இரவில் யார் புரட்டுவது என்று கேட்டோமா? சில பதிவுகளைப் படியுங்கள். டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் நாம் எதைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை வந்திராது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வாரம் வாட்டில் அதையே கேளுங்கள். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான், ஒப்படை அல்ல.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பில் காட்டலாமா? (விரிவுரையாளர், கல்முனை)

கூடாது. பெயரை மறைத்தாலும் வசனத்தைத் தேடினால் ஆள் அகப்படுவார். நம் ஊரில் தேடவும் தேவையில்லை. "காத்தான்குடி, டயாலிசிஸ், மூன்று பெண் பிள்ளைகள்" என்றால் வகுப்பிலேயே யாருக்காவது அவர் மாமி முறையாக இருப்பார். விவரங்களை மாற்றி உங்கள் சொல்லில் சொல்லுங்கள். மூடிய குழுவென்றால், நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லி நிர்வாகியிடம் அனுமதி கேளுங்கள். மாணவர் பொய்ப்பெயரில் நுழைவதை அடியோடு நிறுத்துங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே வைத்திருக்கிறது.

பாரிசவாத நோயாளிக்குப் படுக்கவைத்தே கஞ்சி பருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பேசாமல் இருப்பதா? (மாணவன், அக்கரைப்பற்று)

இருக்கக் கூடாது. ஆனால் மாணவராக நீங்கள் பதில் எழுத வேண்டாம். ஆசிரியரிடம் காட்டுங்கள், அவர் தன் பெயரில் எழுதட்டும்: நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள், சாப்பிட்ட பின்னும் அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும், இருமினால், குரல் கரகரத்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். உணவு சுவாசக்குழாயில் போனால் நிமோனியா வரலாம். எழுதியவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவரும் யாரோ சொன்னதைத்தான் செய்தார்.

ஆங்கிலக் குழுக்கள் போதாதா? (மாணவி, களுவாஞ்சிக்குடி)

மனச்சோர்வை விளங்கிக்கொள்ள உதவும். ஆனால் பிரித்தானியாவில் பராமரிப்பவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. அவர்கள் தரும் ஆலோசனை அதிலிருந்து தொடங்கும். இங்கே அது உதவாது.

"செத்துப்போகலாம் போல இருக்கு" என்று ஒரு பதிவு கண்டால்?

வகுப்புவரை காத்திருக்காதீர்கள். உடனே நிர்வாகிக்கும் ஆசிரியருக்கும் சொல்லுங்கள். எழுதியவருக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் போய்ச் சேர வேண்டும், இரவிலும் அழைக்கலாம்.