யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மா மார்பகப் பரிசோதனைக்குப் போகமாட்டேன் என்கிறார்; பெண்கள் இதை எப்படித்தான் முடிவெடுக்கிறீர்கள்?

லண்டனில் ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாமோகிராமுக்கு, அதாவது மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க, கடிதம் வருகிறது, எல்லோரும் போகிறார்கள், ஊரில் இருக்கிற 56 வயது அம்மா மட்டும் "எனக்குத்தான் ஒன்றுமில்லையே, பிறகு என்னத்துக்கு" என்கிறார், இது படிப்பறிவுக் குறைவா வெட்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் கிட்டத்தட்ட அம்மாவின் வயதுதான். கோப்பாய்ப் பக்கம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், வைத்தியம் என் துறை இல்லை. ஆனால் இந்தக் கதை எங்கள் ஆசிரியர் அறையிலும் கோயில் வீதியிலும் எப்படி எப்படியெல்லாம் போகும் என்று நன்றாகத் தெரியும். முதலில் ஒன்று, எல்லோரும் போகிறார்கள் என்பதே சரியில்லை. இங்கிலாந்திலும் பத்துப் பேருக்குக் கடிதம் போனால் ஏறக்குறைய மூன்று பேர் போவதில்லை.

படிப்பறிவுக் கதையையும் விட்டுவிடுங்கள். பட்டம் வாங்கியவர்கள் வருடக்கணக்காகத் தள்ளிப்போடுவதையும், தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிற பெண் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கிளினிக்கில் வந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் "மாட்டேன்" என்று முடிவெடுப்பதில்லை. மகளின் ஏ.எல். சோதனை முடியட்டும், நல்லூர்த் திருவிழா கழியட்டும், கனடாவில் இருந்து அண்ணை குடும்பம் வந்து போகட்டும், இப்படியே போகும். முடிவு என்று ஒன்றை யாரும் எடுக்காமலே முடிவு நடந்துவிடும்.

போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் வீடு வீடாக வருகிற குடும்பநல உத்தியோகத்தர்தான் காரணம். எங்கள் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்த அதே மிஸ் படலையில் வந்து நின்று, "அக்கா, உங்களுக்கு 35 ஆகுது, கிளினிக்குக்குக் கட்டாயம் வரவேணும்" என்றால் முகத்துக்கு நேரே மறுக்கிறது கஷ்டம். இது 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக். காசு இல்லை. பிரஷர், சீனி, கருப்பைக் கழுத்துச் சோதனை எல்லாவற்றோடும் சேர்த்து மார்பகத்தையும் கையால் பார்ப்பார்கள். கான்சருக்கு என்று தனியாகப் போகாமல் "பிரஷர் பார்க்கப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஊரையே தெரிந்த அந்த மிஸ் என்பதாலேயே போகாதவர்களும் உண்டு. அவர் வெளியே சொல்லமாட்டார்தான், ஆனாலும் நாளைக்கு இன்னொரு வீட்டு வாசலில் நிற்கப்போகிறவர் தானே என்ற யோசனை. பக்கத்து ஊர்க் கிளினிக்குக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

இதற்குக் கீழே கிடக்கிற பெரிய பயம் நோய்கூட இல்லை, பெண் பிள்ளையின் கலியாணம். "தாய்க்குக் கான்சராம்" என்ற ஒரு சொல் சாதகப் பொருத்தத்தைவிட வேகமாக ஊர் சுற்றும். உண்மையில் மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான், மிச்சம் எல்லாம் அப்படி வருவதில்லை. இதைக் கலியாணம் பேச வருகிறவர்களுக்கு யார் விளங்கப்படுத்துவது? எங்களுக்கு வடக்கில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தெல்லிப்பழையில். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்துக் கட்டிய கட்டிடம், கொழும்புப் பக்கம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருந்த எத்தனையோ சனத்துக்கு ஆறுதல். ஆனால் அந்தப் பக்கம் அடிக்கடி போனால் கேள்வி வரும். நல்லகாலம், துர்க்கை அம்மன் கோயிலும் தெல்லிப்பழையில்தான். செவ்வாய்க்கிழமையில் கிளினிக் விழுந்தால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சரி, இனி உங்கள் கேள்வியின் அடுத்த பக்கம். நீங்கள் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். கட்டி தட்டுப்படுகிறது, காம்பு உள்ளே இழுபடுகிறது, தோல் குழிகிறது, இரத்தம் கலந்து கசிகிறது, கமக்கட்டில் ஏதோ தடிக்கிறது என்றால் அது "போவதா வேண்டாமா" என்ற யோசனைக்கே உரியது அல்ல, அந்தக் கிழமையே போகவேணும். இங்கே ஆட்களைக் கொல்லுவது மாமோகிராம் எடுக்காதது இல்லை, கட்டியை வைத்துக்கொண்டு "நோகேல்லத்தானே" என்று இருப்பது. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. மற்றது, ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும் என்றொரு கதை இருக்கிறது, அது தவறு. கையால் பார்த்து, ஸ்கானோ மாமோகிராமோ எடுத்து, ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால்தான் என்னவென்று தெரியும். தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பங்கு புற்றுநோயே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது பயத்தைக் கொஞ்சம் இறக்கும்.

ஒன்றும் இல்லாத பெண் போவதா என்பது வேறு கேள்வி, அதில் அம்மா சொல்வது முழுக்கப் பிழையும் இல்லை. இங்கிலாந்தில் 2012இல் ஒரு சுயாதீனக் குழு எல்லா ஆய்வுகளையும் திரும்பப் பார்த்தது. அழைக்கப்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றது. அதே அறிக்கை, ஒரு உயிர் காப்பாற்றப்படும்போது கிட்டத்தட்ட மூன்று பெண்கள் வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத ஒரு புற்றுநோய்க்காக ஒப்பரேசனும் கதிர்ச் சிகிச்சையும் படுகிறார்கள் என்றும் சொன்னது. எது வளரும், எது பால்குழாய்க்குள்ளேயே சும்மா கிடக்கும் என்று முன்கூட்டிப் பிரிக்க முடியாததுதான் சிக்கல். அதற்குப் பிறகு கடிதத்தோடு போகிற துண்டுப் பிரசுரத்திலேயே இரண்டு பக்கத்தையும் எழுதி, முடிவு உங்களுடையது என்று விட்டிருக்கிறார்கள். மேலும் நூறு பேர் போனால் நாலு பேரைத் திரும்பக் கூப்பிடுவார்கள், அந்த நாலு பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். லண்டனில் இருக்கிற என் மச்சாளையும் அப்படிக் கூப்பிட்டார்கள், ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். இருந்தாலும் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவவுக்கு நெஞ்சு பதறும். அப்படியிருந்தும் அடுத்த கடிதத்துக்குப் போனா, ஏனென்றால் "தெரியாமல் இருக்கிறது அதைவிடக் கஷ்டம்" என்பது அவவின் குணம். என் சின்னம்மாவின் குணம் நேர்மாறு, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்பார். இரண்டு பேரும் புத்திசாலிகள்தான்.

இலங்கையில் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களையும் மாமோகிராமுக்கு அழைக்கிற திட்டம் கிடையாது. இங்கே நம்பியிருப்பது கையால் பார்ப்பதைத்தான், நாற்பதுக்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். அது இரண்டாந்தரம் என்று நினைக்கவேண்டாம். மும்பையில் ஒன்றரை இலட்சம் பெண்களை வைத்து இருபது வருடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்ததில், ஐம்பதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு முப்பது வீதம் அளவில் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் குறைந்தவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. ஆனால் மாதாமாதம் தானே தடவிப் பார்ப்பதை மட்டும் வைத்து இறப்பு குறைந்ததாக ஷாங்காயில் நடந்த பெரிய ஆய்வு காட்டவில்லை, தேவையில்லாத ஊசிச் சோதனைகள்தான் கூடின. என் உடம்பின் வழக்கம் எனக்குத் தெரிந்திருக்கவேணும் என்ற அளவில் அதை வைத்துக்கொள்கிறேன். நான் கிளினிக்குக்குப் போகிறேன், மாமோகிராம் எடுக்கவில்லை. குடும்பத்தில் அம்மாவுக்கோ சகோதரிக்கோ சின்ன வயதிலேயே வந்திருந்தால் என் கணக்கு மாறியிருக்கும், அப்படிப்பட்டவர்கள் வைத்தியரிடம் தனியாகக் கதைக்கவேணும்.

அம்மாவிடம் இனி "ஏன் போகேல்ல" என்று கேட்காதீர்கள், வட்ஸப்பில் பிங்க் ரிப்பன் வீடியோவும் வேண்டாம், அதைத் திறக்காமலே அழித்துவிடுவார். வீடியோ கோலில் அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஏதாவது தட்டுப்படுதோ அம்மா?" என்று அதை மட்டும் கேளுங்கள். பதில் கொஞ்சம் சுணங்கினால் ஊரில் இருக்கிற ஒரு பெண் ஆளிடம், சின்னம்மாவோ மச்சாளோ, உடனே சொல்லிக் கூட்டிக்கொண்டு போகச் செய்யுங்கள், ஓட்டோக் காசையும் நீங்களே அனுப்புங்கள். ஒன்றும் இல்லை என்றால் பிரஷர் பார்க்கிற சாட்டில் கிளினிக்குக்கு ஒருமுறை போய்வரச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் வேண்டாம் என்றால் சண்டை பிடிக்காமல் விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் திரும்பக் கேட்கலாம்.