ஒரே வால், வேறு வேறு குரல்

கேள்வி: ‘ஓ, யு, ஜி, எச்’ என்று முடியும் ஆங்கிலச் சொற்களை ஏன் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக உச்சரிக்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?
- வாசகி, மாதுங்கா, மும்பை

பதில்: குழந்தை கேட்பது நியாயமே. ‘டஃப்’ என்றால் கடினமானது, ‘காஃப்’ என்றால் இருமல், ‘டோ’ என்றால் பிசைந்த மாவு, ‘பவ்’ என்றால் மரக்கிளை. உங்கள் ஊர்ப் பாவ் ரொட்டிக்கும் இந்தப் ‘பவ்’வுக்கும் உறவில்லை. இவற்றின் முடிவில் முன்பு தொண்டையை உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. ஜெர்மன் மொழியில் அத்தகைய ஒலியை இன்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் அது சில சொற்களில் ‘ஃப்’ ஆகத் திரிந்தது, சிலவற்றில் அடியோடு மறைந்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பின் எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றுவிட, பேச்சு மட்டும் தன் போக்கில் மாறிக்கொண்டே சென்றது. ஆகவே இங்கே விதியைத் தேடிப் பயனில்லை. சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அவள் கையில் ஓர் உருண்டையைக் கொடுத்து, ‘டோ’ என்று சொல்லவையுங்கள். மற்றவற்றையும் இவ்வாறே பொருளோடு ஒவ்வொன்றாகப் பழக்கலாம்.