நூலகக் கேள்வி – பதில்: இலத்திரனியல் றாக்கையில் எதை வைப்பது, எதை எடுப்பது?

கேள்வி: எங்கள் கல்லூரியில் இலத்திரனியல் தொழினுட்ப டிப்ளோமா தொடங்கியிருக்கிறது. தேசிய தொழிற்றகைமை 5ஆம் மட்டம், 60 மாணவர். விரிவுரையாளர்கள் தந்த பட்டியலில் 140 தலைப்புகள். கையிலிருக்கிற காசு அதில் மூன்றிலொன்றுக்குத்தான் காணும். எதை வாங்குவது?
– உதவி நூலகர், திருநெல்வேலி

பதில்: தலைப்பைக் குறைத்துப் பிரதியைக் கூட்டுங்கள். 140 தலைப்பில் ஒவ்வொரு பிரதி வாங்கினால் றாக்கை நிறையும், பரீட்சைக்கு முதல் வாரம் 60 பேரும் ஒரே புத்தகத்துக்கு வரிசையில் நிற்பார்கள். சுற்றுப் பகுப்பாய்வு, அனலொக், இலக்க இலத்திரனியல், அளவீடு ஆகிய நான்கு பாடத்துக்கும் ஒவ்வொரு பாடநூலை விரிவுரையாளர்களே ஒருமித்துத் தெரிவுசெய்யட்டும். ஒவ்வொன்றிலும் 6 பிரதி: ஒன்று வெளியே போகாதது, இரண்டு இரவல் ஓர் இரவுக்கு மட்டும், மூன்று வழமையான இரவல். நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகொன்ரோலர்), ஐஓரீ (இணையத்தோடு இணைந்த கருவிகள்), றொபோட்டிக்ஸ் நூல்களில் ஒரு பிரதிக்கு மேல் வேண்டாம். அவை மூன்று நான்கு வருடத்தில் பழசாகிவிடும்.

வாங்கும்போது ஆசிரியர் பெயரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் பார்த்தால் காணாது. ஒரே நூலுக்கு அமெரிக்கப் பதிப்பு, சர்வதேசப் பதிப்பு, இந்திய அச்சு என்று வரும். பயிற்சிக் கணக்குகளின் இலக்கம் மாறியிருக்கும். ‘4ஆம் அத்தியாயம் 17ஆம் கணக்கு’ என்று விரிவுரையாளர் சொன்னால் பாதிப்பேர் வேறு கணக்கைச் செய்து கொண்டு வருவார்கள். ஆறு பிரதிக்கும் ஐஎஸ்பிஎன் ஒன்றாக இருக்கிறதா என்று விலைக்கோரலிலேயே பாருங்கள்.

அமெரிக்க நூல்கள் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மின்னைக் கொண்டு எழுதப்பட்டவை. நமக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் முழு அலைச் சீராக்கத்தில் றிப்பிளின் (மிஞ்சும் ஏற்ற இறக்கத்தின்) மீடிறன் அங்கே 120, இங்கே 100. 1 அம்பியர் சுமைக்கு றிப்பிள் 2 வோல்ற்றுக்குள் நிற்க வேண்டுமென்றால், வேண்டிய கொள்ளளவியின் அளவைக் காண அம்பியரை மீடிறனாலும் றிப்பிள் வோல்ற்றாலும் வகுக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 4170 மைக்ரோபரட் வரும். கடையில் வாங்கும் 4700 போதும். நமக்கு 5000 வருவதால் 4700 காணாது, 6800 போட வேண்டும். அப்படிப் போடாவிட்டால், 7805 போன்ற, வோல்ற்றை நிலைப்படுத்தும் ஐசிக்குக் குறைந்தது 7 வோல்ற் வேண்டிய இடத்தில், சுமை ஏறியதும் உள்ளீடு அதற்குக் கீழே விழுந்து ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். மாணவர் ஐசியைக் குற்றஞ்சாட்டுவார். இதை ஒரு சிறு துண்டில் அச்சடித்து அப்படிப்பட்ட நூல்களின் முன்னட்டை உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

மிச்சக் காசில் புத்தகத்தைவிட உதவுவது தரவுத்தாள் கோப்பு. செய்முறையறையில் அடிக்கடி புழங்கும் 20, 25 பாகங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியாளரின் தாளிலிருந்து கால் ஒழுங்கு, உச்ச எல்லைகள், மாதிரிச் சுற்று ஆகிய பக்கங்களை மட்டும் அச்சடியுங்கள். 555, 741, எல்எம்358, எல்எம்317, 7805, 1என்4007, பிசி547, 2என்3904 இருந்தால் முதல் வருடம் ஓடிவிடும். தட்டை முகம் உங்களைப் பார்த்திருக்க, பிசி547 திரான்சிற்றரின் கால்கள் இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி (எமிற்றர்). 2என்3904இல் காலி, அடி, சேகரிப்பான். அமெரிக்க நூலின் சுற்றில் 2என்3904 இருந்த இடத்தில் கடையில் கிடைத்த பிசி547ஐ அப்படியே செருகினால் சுற்று வேலை செய்யாது. 7805க்கும் 78எல்05க்கும் இதே சிக்கல்தான், உள்ளீடும் வெளியீடும் இடம் மாறி நிற்கும்.

முழுப் புத்தகத்தையும் போட்டோகொப்பி அடித்துக் கட்டிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. படியெடுக்க அனுமதிக்கும் உரிமத்தோடு டொனி குப்ஹால்ட்டின் ‘லெசன்ஸ் இன் எலெக்ட்ரிக் சேர்கிட்ஸ்’ ஆறு தொகுதிகளும் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டுக் கட்டி வைக்கலாம்.

கேள்வி: பிள்ளைகள் ‘மின்தேக்கி’ என்று தேடினால் எங்கள் கணினிப் பட்டியல் ஒன்றும் காட்டுவதில்லை. ‘கொள்ளளவி’ என்று தட்டினால் வருகிறது. வேறு சிலருக்கு ஆங்கிலச் சொல்தான் தெரியும்.
– நூலக உதவியாளர், சாவகச்சேரி

பதில்: கடல் கடந்து வரும் தமிழ்ப் புத்தகம் ஒரு சொல்லில் பேசும், எங்கள் பாடநூல் இன்னொன்றில். எங்கள் சொல்லை முதலில் வைத்தால்: இலத்திரனியல் – மின்னணுவியல், கொள்ளளவி – மின்தேக்கி, தடையி – மின்தடையாக்கி, விரியலாக்கி – பெருக்கி. ‘தருக்கப் படலை’ என்பது நம் வீட்டுப் படலையைப் போல ஒன்றைத் திறந்து ஒன்றை மறிக்கும் என்று இங்குள்ள பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும். தமிழ்நாட்டு நூலில் அது ‘தருக்க வாயில்’.

கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருந்தால், பொருட்தலைப்புக்கு அதிகாரப் பதிவொன்று (ஏற்ற சொல்லையும் மாற்றுச்சொற்களையும் சேர்த்து வைக்கும் பதிவு) உருவாக்குங்கள். 150ஆம் புலத்தில் ‘கொள்ளளவி’. 450ஆம் புலத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்து ‘மின்தேக்கி’, ‘கப்பாசிற்றர்’, ஆங்கிலச் சொல் எல்லாவற்றையும் கொடுங்கள். நூற்பதிவின் 650ஆம் புலத்தை அந்த அதிகாரப் பதிவோடு இணைக்க வேண்டும், வெறுமனே சொல்லைத் தட்டினால் போதாது. பிறகு நிர்வாக அமைப்பில் மாற்றுச்சொற்களையும் தேடலில் சேர்க்கும் தெரிவை இயக்கி, மீண்டும் சுட்டியாக்குங்கள். கடைசிப் படியை மறந்துவிட்டுத்தான் பலர் ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். நூறு சொற்கள் போதும், ஒரு கிழமை வேலை.

பழைய பதிவுகளை யாராவது பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துக்கள். யுனிக்கோட்டில் தேடுபவருக்கு ஒருபோதும் அகப்படா. முதலில் அவற்றை மாற்றுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் 300 பொறியியல் நூல்கள் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் றாக்கையில் வைக்கத்தான் வேண்டுமா?
– பொறுப்பாசிரியர், பருத்தித்துறை

பதில்: வேண்டாம். ஆனால் வருடத்தைப் பார்த்து மட்டும் கழிக்கவும் வேண்டாம். ஓமின் விதியும் திரான்சிற்றரின் நடத்தையும் 1985இல் இருந்தபடியேதான் இருக்கின்றன. நன்றாக எழுதப்பட்ட பழைய அனலொக் நூல் வைரம். ஆளைக் காயப்படுத்தக்கூடிய பழசைத்தான் முதலில் பிரியுங்கள்.

பிரித்தானிய மின்னிணைப்பு நூல்களில் கம்பி நிறத்தைப் பாருங்கள். பழைய முறையில் மூன்று பேஸ் உயிர்க்கம்பிகளும் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூற்றல் கறுப்பு. 2004இல் அங்கே கொண்டுவந்த புதிய முறையில் பேஸ்கள் மண்ணிறம், கறுப்பு, சாம்பல், நியூற்றல் நீலம். அன்று நியூற்றலாக இருந்த கறுப்பு இன்று உயிர்க்கம்பி. இரண்டு நூலும் ஒரே றாக்கையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பழையதை எடுத்துவிடுங்கள், எடுக்க மனமில்லாவிட்டால் முதுகில் சிவப்பு ஒட்டி போட்டு வெளியே விடாத பகுதியில் வையுங்கள்.

ஈயமுள்ள சோல்டர் பற்றி மட்டும் சொல்லும் பற்றவைப்பு நூலை வைத்திருக்கலாம். 63/37 வெள்ளீய–ஈயக் கலவை 183 பாகை செல்சியஸில் உருகும், ஈயமற்றது 217 அளவில் என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போதும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி பற்றிய நூல்களில் மட்டும் கவனம்: பழைய நூல்கள் பயன்படுத்தும் ஆர்பிஐ.ஜிபிஐஓ என்ற நிரல் தொகுதி 2023இல் வந்த பை 5இல் இயங்காது. பிள்ளை அன்று முழுக்கத் தன் பிழையைத் தேடுவான்.

கார்த்திகை மார்கழி மழையில் பெட்டியோடு நிலத்தில் வைத்திருக்காதீர்கள். சார் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். றாக்கையைச் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஆடுயீனோ (நுண்கட்டுப்படுத்திப் பலகை) நூல்கள் எங்கே நிற்க வேண்டும்? எங்களிடம் நாலு இடத்தில் இருக்கின்றன.
– மானிப்பாய்

பதில்: வெளியீட்டாளர் தந்த டூயி பகுப்பு இலக்கத்தைப் பார்த்து 004.16, 006.22, 621.39, 629.89 என்று போட்டிருப்பீர்கள். ஒன்றைத் தெரிவுசெய்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோங்கள். எங்கள் தெரிவு 006.22. இலத்திரனியலுக்குரிய 621.381இல் போட்டால் சுற்று நூல்களுக்குள் மறைந்துவிடும்.

கேள்வி: மல்ரிமீற்றரை நூலகத்திலிருந்து இரவல் கொடுக்கத் தொடங்கினோம். திரும்பி வரும்போது பாதி பழுது.
– கோண்டாவில்

பதில்: அநேகமாகப் பழுதில்லை, பியூஸ் போயிருக்கும். மலிவான 830 வகை மீற்றரில் மில்லியம்பியர் பக்கம் 200 மில்லியம்பியர் பியூஸ். 10 அம்பியர் துளைக்குப் பியூஸே இல்லை. மின்னோட்டம் அளந்த நிலையில் தெரிவியை விட்டுவிட்டு மின்கலத்தின் இரு முனையில் வைத்தால், அடுத்த கணம் பியூஸ் போகும். வோல்ற் அளவீடு வழக்கம்போல் காட்டும் என்பதால் பழுது தெரியாது, அடுத்தவர் மின்னோட்டம் அளக்கும்போதுதான் பூச்சியம் காட்டும். திருப்பி வாங்கும்போது 1 கிலோஓம் தடையியோடு 9 வோல்ற் மின்கலத்தைத் தொடராகக் கோர்த்து மில்லியம்பியர் பக்கத்தில் அளந்து பாருங்கள். 9 அளவில் காட்டினால் பியூஸ் சரி. மின்கலம் பழையதென்றால் 8 காட்டினாலும் கவலை வேண்டாம். கொடுக்கும் மீற்றரின் 10 அம்பியர் துளையை ஒரு துண்டு ரேப்பால் மூடி, தேவைப்படுகிறவர் கேட்டு எடுத்தால் மட்டும் கழற்றுங்கள்.