பழைய பைக்கை வீட்டிலேயே பிரித்து எழுப்புவது: கேள்வி பதில்

பழைய பைக்கை வீட்டில் வைத்தே பிரித்துச் சரிசெய்ய நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். ஆரம்பத்திலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: வண்டியை முதலில் கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அதே நிலையில் ஓட வையுங்கள். உருவத்தை மாற்றும் வேலையெல்லாம் அதற்கப்புறம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது பழைய கோளாறா, நாம் புதிதாகச் செய்ததா என்றே தெரியாது.

அண்ணா, தாத்தாவோட வண்டி பல வருஷமா மூலையில நின்னுட்டு இருக்கு. கிக்கர் இறங்கவே மாட்டேங்குது. ஏறி நின்னு மிதிச்சா விட்டுடுமா?

மிதிக்காதீங்க தம்பி. முதலில் உடைவது கிக்கர் பல்லோ ஷாஃப்ட்டோதான். பிஸ்டன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலிண்டர் சுவரில் பழுப்பு நிறத்தில் வளையம் தெரிந்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் நின்ற இடத்தில் துரு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் சம அளவில் கலந்து, பிளக் ஓட்டை வழியாக ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயிண்டையும் கரைக்கும், அதனால் டேங்கை முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். சில நாள் ஊறட்டும். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். இம்மி நகர்ந்தாலும் போதும், உடனே எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஒரே திசையில் விடாப்பிடியாகத் தள்ளினால் ரிங் உடையும்.

பிஸ்டன் விட்டதும் ஆசையில் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. துரு இருந்த இடம் அரம் மாதிரி கரடுமுரடாக இருக்கும். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

கழற்றிட்டேன் அண்ணா. சுவர்ல லேசா புள்ளி புள்ளியா இருக்கு. ரீபோர் பண்ணணுமா, ரிங் மட்டும் மாத்தினா போதுமா?

ரீபோர் என்றால் சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது. அது வேண்டுமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். படி மாதிரி தட்டினால் தேய்மானம் இருக்கிறது. உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து மேலே, நடுவில், கீழே என மூன்று உயரத்திலும், ஒவ்வொரு உயரத்திலும் குறுக்கு நெடுக்கு என இரண்டு திசையிலும் அளவெடுங்கள். அப்போதுதான் சிலிண்டர் நீள்வட்டமாகிவிட்டதா என்பது தெரியும்.

ரிங் முனைகளின் இடைவெளிக்கு ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். 70 மி.மீ. போருக்குச் சுமார் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை என்பது பொதுக் கணக்கு. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. நகத்தில் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் ரீபோர்தான். ஓவர்சைஸ் பிஸ்டன் பெரும்பாலும் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று கிடைக்கும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சிலிண்டரோடு சேர்த்து லேத்தில் கொடுங்கள். கையில் இருக்கும் அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும், பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி அல்ல.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. போர் போட்டு, கல்லால் தேய்த்து ஹோன் செய்து வந்த சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவினால் போதாது. ஹோன் கல்லின் பொடி அந்த நுண்ணிய கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும், பெட்ரோல் அதை வெளியே கொண்டுவராது. வெந்நீரில் சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். வெள்ளைத் துணியில் துளி ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். கழுவி முடித்த கையோடு ஆயில் பூசிவிடுங்கள், கொஞ்ச நேரம் விட்டாலும் துரு பூக்கும்.

டூ ஸ்ட்ரோக் வண்டி. புது பிஸ்டன் போட்டும் மறுபடி சீஸ் ஆயிடுச்சு. ஆயிலும் சரியா கலந்துதான் ஊத்தறேன்.

கிராங்க் ஷாஃப்ட்டின் இரு பக்கமும் உள்ள சீலைப் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் ரப்பர் சீல் காய்ந்து கட்டையாகியிருக்கும். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் அந்த வழியே காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்காமல் தொங்கி நிற்பதுதான் இதன் அறிகுறி. கியர் பாக்ஸ் பக்கத்துச் சீல் போயிருந்தால் கதை வேறு: கியர் ஆயில் உள்ளே போய் எரியும், வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். சீல் இரண்டையும் மாற்றாமல் பிஸ்டனை எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி. ஆயில், அதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் வண்டி. என்ஜின் கவர் திருகு எல்லாம் தலை மழுங்கிப் போச்சு. நல்ல ஸ்க்ரூடிரைவர்தான் வாங்கினேன்.

ஸ்க்ரூடிரைவர் நல்லதுதான், ஆனால் வேறு வகை. பழைய ஜப்பான் வண்டிகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் செய்த கூட்டல் குறித் திருகு. பார்க்க ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஃபிலிப்ஸ் முனையை வைத்தால் முழுசாக உட்காராமல் நழுவிவிடும். ஜே.ஐ.எஸ். முனையோடு கையால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் வாங்குங்கள். சுத்தியலால் ஓர் அடி, திருகு விட்டுவிடும்.

பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரை 60 டிகிரி. கைக்குக் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை இரண்டு சுற்று ஏறுகிறதே என்று இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

பிரிச்சதை எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. என்ஜின் கவர் படத்தை அட்டையில் வரைந்து, திருகு இருந்த இடத்தில் ஓட்டை போட்டு அதிலேயே குத்தி வையுங்கள். ஒரே கவரில் நீளம் வேறுபட்ட திருகுகள் இருக்கும். நீளமானது குட்டை இடத்தில் போனால் கேஸையே உடைக்கும்.

டேங்க் உள்ளே முழுக்கத் துரு. ஆசிட் ஊத்தலாமா? அடியில ஒரு சின்ன ஓட்டையும் இருக்கு, வெல்டிங் வச்சிடலாம்னு பார்க்கிறேன்.

வெல்டிங்கை முதலில் பேசிவிடுவோம். காலி டேங்க்தானே என்று நெருப்பு காட்டாதீர்கள். பெட்ரோல் இல்லாவிட்டாலும் ஆவி தங்கியிருக்கும், டேங்க் வெடித்து உயிரே போகலாம். வருஷக்கணக்காகக் காய்ந்த டேங்க்கும் விலக்கல்ல. டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

துருவுக்குக் கடுமையான ஆசிட் வேண்டாம், நல்ல தகட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். லேசான துரு என்றால் சிட்ரிக் ஆசிட் கரைசலோ வினிகரோ நிரப்பி ஊறவிட்டால் போதும். பாளம் பாளமாக உரிந்தால் மின்முறை நல்லது. தண்ணீரில் வாஷிங் சோடா கரைத்து டேங்கை நிரப்புங்கள். சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை டேங்கின் வாயில் எங்கும் உரசாமல் தொங்கவிடுங்கள். பேட்டரி சார்ஜரின் பாஸிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடவே கூடாது, அதிலிருந்து நச்சுத்தன்மை உள்ள குரோமியம் கலவை கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

சிட்ரிக் ஆசிடோ வினிகரோ ஊற்றியிருந்தால், வடித்த உடனே சமையல் சோடாக் கரைசலால் அலசுங்கள். எந்த முறையானாலும், நல்ல தண்ணீரில் அலசி சூடான காற்றடித்துக் காயவைத்து, ஆயில் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி குலுக்குங்கள். இதில் சுணங்கினால் கண்ணெதிரே மறுபடி ஆரஞ்சு நிறம் ஏறும். பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துப் பொடியாக்கும்.

ஏர் ஃபில்டர் பாக்ஸைத் தூக்கிட்டுச் சின்ன பாட் ஃபில்டர் போட்டேன், ஃப்ரீ ஃப்ளோ சைலென்சரும் போட்டேன். நடுவுல வண்டி திணறுது. மெயின் ஜெட் பெருசு போட்டும் சரியாகல.

கோளாறு நடுவில், மருந்து கடைசியில். அதனால்தான் சரியாகவில்லை. கார்புரேட்டரில் ஜெட் என்பது பெட்ரோல் வரும் சிறு துளை. ஆக்ஸிலேட்டர் மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் பேசும். அங்கிருந்து கால் பங்கு வரை, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடோடு ஏறி இறங்கும் நீடில். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். கைப்பிடியில் டேப் ஒட்டி இந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், திணறும் இடம் எது என்று தானே காட்டும். உங்களுக்கு நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால், அதாவது நீடிலை உயர்த்தினால், மாற்றம் தெரிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால் அந்தப் பாக்ஸைத் திரும்ப மாட்டச் சொல்வேன். அது வெறும் பெட்டி இல்லை, கார்புரேட்டருக்குப் போகும் காற்றை நிதானப்படுத்தவே கணக்கிட்டுச் செய்தது. தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

தம்பி, எனக்கு அறுபது தாண்டியாச்சு. இளம் வயசுல ஓட்டின வண்டியே திரும்பக் கிடைச்சிருக்கு. 6 வோல்ட். ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரியுது. 12 வோல்ட்டா மாத்திடட்டுமா?

அதே வண்டி திரும்பக் கிடைத்தது பெரிய கொடுப்பினை, ஐயா. மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரி முனையில் ஒரு அளவு, பல்பின் முனையில் ஒரு அளவு எடுங்கள். வழியில் அரை வோல்ட் தொலைந்தாலே 6 வோல்ட்டில் அது எட்டு சதவீதம், வெளிச்சமோ கால் பங்கு குறைந்துவிடும். பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் வயர் கிடையாது. கரண்ட் ஹேண்டில் கழுத்துப் பேரிங்கின் குண்டுகள் (ஹேண்டில் பால்ஸ்) வழியாகத்தான் சேஸுக்குத் திரும்ப வேண்டும், அங்கே கிரீஸும் துருவும் உட்கார்ந்திருக்கும். ஹெட்லைட் கிண்ணத்திலிருந்து பேட்டரி எர்த்துக்கு நேராகத் தனி வயர் இழுத்துப் பாருங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

பிரிட்டிஷ் வண்டியாக இருந்தால் பேட்டரி மாட்டும் முன் எந்த முனை எர்த் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல பாஸிட்டிவ் எர்த். இக்னிஷனில் கரண்ட்டைத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. என்பது பொதுவான அளவு. பாயிண்ட் முனையில் பெரிதாகப் பொறி பறந்தால், அந்தப் பொறியை அடக்கும் காண்டென்சர் போய்விட்டது.

கஃபே ரேசர் பண்ணணும். சேஸோட பின்பக்கத்தை வெட்டிட்டு வளைஞ்ச பைப் வச்சு வெல்டு பண்றாங்களே, வீட்டுல பண்ணலாமா?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதிகம் கெட்டுப்போவது இந்த வேலையில்தான்.

1950, 60களில் லண்டன் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள் எடையைக் குறைக்கவும் வேகத்துக்காகவும் செய்த மாற்றங்களே கஃபே ரேசர். நார்ட்டனின் ஃபெதர்பெட் சேஸில் ட்ரையம்ஃப் என்ஜினை வைத்த ட்ரைட்டன் அதில் பேர்போனது. நன்றாகத் திரும்பும் சேஸ், நன்றாக இழுக்கும் என்ஜின் என்று தேடிச் சேர்த்தார்கள். அழகு அதன் பின்னால் வந்தது.

சேஸை வெட்டாமலே இந்த உருவத்தின் பெரும்பகுதி வந்துவிடும். ஃபோர்க்கிலேயே தாழ்வாக மாட்டும் கிளிப்-ஆன் ஹேண்டில், பின்னுக்குத் தள்ளிய கால்மிதி, போல்ட்டில் மாட்டும் ஒற்றை சீட் எல்லாமே நாளைக்குக் கழற்றக் கூடியவை. அதில் சில மாதம் ஓட்டுங்கள். மணிக்கட்டும் முதுகும் ஒத்துக்கொண்டால் மேலே யோசிக்கலாம். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்டுக்குப் பின்னால் மட்டும் வெட்டுங்கள், முன்னால் தொடவே வேண்டாம். இணைப்புக்குள் இறுக்கமான உள்குழாய் ஒன்று வைத்து, சேஸ் வெல்டிங்கில் கை தேர்ந்தவரிடம் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். சேஸ் எண் இருக்கும் இடத்தில் அரமோ கிரைண்டரோ படக் கூடாது. வெட்டும் முன் நீங்கள் இருக்கும் ஊர்ச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் உயரமான ஷாக் போட்டால் முன் ஃபோர்க் செங்குத்தாகும், ட்ரெயில் குறையும் (ஹேண்டில் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில்). திருப்பத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் வண்டி, வேகத்தில் ஹேண்டிலை உதற ஆரம்பிக்கும். ஃபோர்க்கை இறக்கி மாட்டியிருந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முழுக்க அமுக்கிப் பாருங்கள். டயர் மட்கார்டிலோ சைலென்சர் பைப்பிலோ இடித்தால் அது கேரேஜிலேயே தெரிய வேண்டும். கடைசியாக, என்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். ரேஸ் ஏறினால் கேபிள் இழுபடுகிறது, பாதையை மாற்றாமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

பெயிண்ட்டா, பவுடர் கோட்டிங்கா?

சேஸுக்குப் பவுடர், டேங்குக்குப் பெயிண்ட். பவுடரை 180 முதல் 200 டிகிரி வரை சூடேற்றிப் பிடிக்க வைப்பார்கள், பள்ளத்தை நிரப்பப் பட்டி (புட்டி) வைத்த டேங்க் அதைத் தாங்காது. கொடுக்கும் முன் வெல்டிங் இணைப்புகளில் விரிசல் பாருங்கள். பூசிய பின் எதுவும் தெரியாது. பேரிங் உட்காரும் இடம், மரை, எர்த் போல்ட் மூன்றையும் மறைக்கச் சொல்லுங்கள்.

என்ஜினை அப்படியே சாண்ட் பிளாஸ்டிங் குடுத்தா பளபளன்னு வருமே?

வேண்டவே வேண்டாம். எவ்வளவு அடைத்தாலும் மணல் ஆயில் வழிக்குள் போகும், பேரிங்கை அரைத்துவிடும்.

டிரம் பிரேக்கைத் திறந்தா ஒரே தூசி. காத்தடிச்சு ஊதிடலாமா?

ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியை அப்படியே பையில் கட்டிப் போடுங்கள். டயரில் பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் சொல்லும். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தைய டயர், யோசிக்காமல் மாற்றுங்கள்.

எல்லாம் மாட்டி முடிச்சாச்சு அண்ணா. முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன பண்ணணும்?

ஃபோர் ஸ்ட்ரோக்தானே? பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் ஹெட் வரை ஏறும்வரை கிக்கரை மிதியுங்கள். ஆயில் டேங்க் தனியாக இருக்கும் வண்டியில் திரும்புகுழாயில் ஆயில் வருவது கண்ணுக்கே தெரியும். கிளட்ச் ஆயிலிலேயே ஓடும் வண்டி என்றால் அதற்கான ஜப்பானியத் தர முத்திரையான ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும், கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓட விடாதீர்கள். ரிங் சுவரோடு படிய, இழுவை வேண்டும். ஆக்ஸிலேட்டரை ஏற்றி இறக்கி, முழுசாகத் திருகாமல், ஒரே வேகத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். முதல் ஆயிலை 100 கிலோமீட்டருக்குள் வடித்துவிடுங்கள், அதில் மினுமினுவென்று பொடி மிதக்கும். என்ஜின் முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மேனுவல் சொன்ன வரிசையில் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். இறுக்கியதும் வால்வ் இடைவெளியைத் திரும்ப அளந்துவிடுங்கள். கேஸ்கெட் அமுங்கி ஹெட் இறங்கியிருந்தால் அந்த இடைவெளியும் மாறியிருக்கும்.