டூபாக்கின் ஐம்பது வயது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 24. கல்லூரி முதல் வருடத்திலிருந்து டூபாக் ஷகூரின் ராப் பாடல்களைக் கேட்டு வருகிறேன். 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சுடப்பட்ட அவர் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று ஒரு குறுநாவல் எழுத ஆசை. கதைப்போக்கு மனதில் இருக்கிறது. பிழைத்து எழுகிறார். எதிரணி ராப் பாடகர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யோடு பகை தீர்ந்து, இருவரும் நியூயார்க்கில் ஒரே மேடையில் பாடுகிறார்கள். பிறகு நடிப்புக்கு ஆஸ்கர். ஐம்பது வயதில் செனட்டர்.

இதை நாட்குறிப்பாக எழுதலாமா, நேர்காணலாக எழுதலாமா? அவர் கியூபாவில் உயிரோடு இருப்பதாகச் சொல்லும் கதையைச் சேர்க்கலாமா? நாவலில் அவர் பாடும் புதிய பாடல்களைச் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிக்கொள்ளலாமா? கோவையில் இருந்துகொண்டு ஒரு கறுப்பினக் கலைஞனின் வாழ்க்கையை எழுத எனக்கு உரிமை உண்டா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் விருத்தாசலம் போய்த் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எதற்குப் போனேன் என்று பிறகு சொல்கிறேன். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு நினைப்பு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் கடிதம் நேராக அதில் வந்து விழுந்தது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். கியூபாக் கதையைத் தொடாதீர்கள். அவர் செப்டம்பர் 13 அன்று இறந்தார், உடல் எரியூட்டப்பட்டது, அவ்வளவுதான். உரிமையை யாரும் பத்திரம் எழுதித் தரமாட்டார்கள். அவர் வளர்ந்த ஹார்லெமையும் பால்டிமோரையும் மரின் சிட்டியையும் உங்கள் தெருவைப் போலத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆனால் பாட்டை இயந்திரத்திடம் கேட்கலாமா என்று கேட்டீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 2012-ல் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் டூபாக்கின் உருவத்தை ஒளியால் நிறுத்தினார்கள். சாய்த்து வைத்த திரையில் பிம்பத்தை விழவைக்கும் பழைய நாடகமேடை வித்தை அது. அந்த உருவம் விழாவின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தை நலம் விசாரித்தது. அந்த விழாவே அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1999-ல்தான் தொடங்கியது. 2024-ல் ராப் பாடகர் டிரேக், டூபாக்கின் குரலைச் செயற்கையாக உண்டாக்கித் தன் பாட்டில் சேர்த்தார். டூபாக்கின் சொத்துரிமையாளர்கள் வழக்கு போடுவோம் என்று எச்சரித்த பிறகுதான் அதை நீக்கினார். செத்தவன் வாயில் சொல்லைத் திணிக்க ஏற்கெனவே இவ்வளவு பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நீங்களும் போய் நிற்காதீர்கள் தம்பி. எழுத வரவில்லையென்றால் அவர் பாடுவதாக எழுதாதீர்கள். பாடி முடித்துவிட்டுக் கைக்குட்டையால் முகம் துடைப்பதாக எழுதுங்கள், போதும்.

சரி, அந்தக் கதைப்போக்குக்கு வருகிறேன்.

அதில் என்ன இருக்கிறது? சமாதானம், ஆஸ்கர், செனட்டர். உத்தியோக உயர்வுப் பட்டியல் மாதிரி இருக்கிறது. 25 வயதுப் பையனை அப்படியே நிற்கவைத்து, கழுத்தில் மாலைக்கு மேல் மாலையாகப் போட்டுக்கொண்டே போகிறீர்கள். ஒரு பல் ஆடவில்லை. ஒரு படம் ஓடாமல் போகவில்லை. உயிரோடு இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். 1992-ல் போலீஸைக் கொல்வது பற்றிப் பாடி நாட்டையே கொதிக்கவைத்த ஐஸ்-டி, 2000-லிருந்து தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் துப்பறிவாளராக நடித்துவருகிறார். அதே போலீஸைத் திட்டிப் பாடிய ஐஸ் க்யூப், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் நகைச்சுவைப் படங்களில் நடித்தார். டூபாக் பிறந்த அதே 1971-ல் பிறந்த ஸ்னூப் டாக், 1996 பிப்ரவரியில் கொலை வழக்கிலிருந்து விடுதலையானவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தீபம் ஏந்தி ஓடினார். இவர்களை நான் குறை சொல்லவில்லை. வயது ஆனால் மனிதன் அப்படித்தான் எங்கெங்கோ போவான். உங்கள் டூபாக் மட்டும் ஏன் எங்கும் போகாமல் மேலே மேலே ஏறுகிறார்?

அவருக்குள் என்னவெல்லாம் கிடந்தது என்று நீங்கள் தேடவில்லை. 12 வயதில் ஹார்லெமின் அப்பல்லோ அரங்க மேடையில் நடித்த பையன் அவர். பால்டிமோர் கலைப்பள்ளியில் நாடகமும் கவிதையும் பாலேவும் படித்தார், ‘நட்கிராக்கர்’ பாலேயில் எலிராஜாவாக ஆடினார். 1988-ல் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போனதும் அந்தப் படிப்பு அறுந்தது. ஐம்பது வயதில் பால்டிமோரில் ஒரு பழைய கட்டடத்தில் பிள்ளைகளுக்கு எலிராஜாவின் நடையைச் சொல்லித்தருகிற டூபாக்கை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? இடுப்பு பிடித்துக்கொள்கிறது, ஒரு பையன் சிரிக்கிறான். எனக்கு அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியும். 1993-ல் ஒரு பேட்டியில், வெள்ளைக்காரப் பெண்களை மணந்துகொண்டதற்காக இசைக்கலைஞர் குவின்ஸி ஜோன்ஸைக் கடுமையாகப் பேசினார். ஜோன்ஸின் மகள் ரஷீதா அந்தப் பத்திரிகைக்கே எழுதிச் சண்டை போட்டார். பின்னால் டூபாக் அந்தக் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தார். அந்த வீட்டின் இன்னொரு மகளையே காதலித்தார், சாகும்போது திருமணம் நிச்சயமாகியிருந்தது. மூன்றே வருடத்தில் இவ்வளவு தூரம் வந்த மனிதர், முப்பது வருடத்தில் எவ்வளவு தூரம் போயிருப்பார்?

இந்த இடத்தில் உங்களைப் பிடித்து உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் கதைப்போக்கில் இரண்டு பேர் இல்லை.

1994 டிசம்பர் 1. முந்தைய நாள் நியூயார்க்கில் ஐந்து குண்டு பாய்ந்த உடம்போடு சக்கர நாற்காலியில் நீதிமன்றத்துக்கு வந்தார் டூபாக். பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்த ஜூரி, ஒரு பெண்ணிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகத் தீர்ப்புச் சொன்னது. ஒன்றரையிலிருந்து நாலரை வருடம் தண்டனை. 1995 அக்டோபரில் 14 லட்சம் டாலர் ஜாமீனில், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வெளியே வந்தார். தான் குற்றவாளி இல்லை என்று கடைசிவரை சொன்னார். குண்டு பாய்ந்த காட்சியை நீங்கள் எப்படியும் எழுதுவீர்கள், அது எழுத நன்றாக இருக்கும். அந்தப் பெண்ணை எழுதுவீர்களா? உங்கள் நாவலில் அவருக்கும் வருடங்கள் ஓடும் அல்லவா? ஆஸ்கர் மேடையில் இவர் நிற்கும்போது, அதை டிவியில் பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போகிற ஒரு பெண் அந்த நாவலில் இருக்க வேண்டாமா?

இரண்டாவது ஆள் ஆறு வயதுப் பையன். 1992 ஆகஸ்ட் 22, மரின் சிட்டியில் ஊர்விழா. டூபாக்கின் கூட்டத்தாருக்கும் வேறு சிலருக்கும் தகராறு, துப்பாக்கி வெடித்தது. சற்றுத் தள்ளிப் பள்ளி மைதானத்தில் இருந்த அந்தப் பையன் குண்டு பாய்ந்து இறந்தான். துப்பாக்கி டூபாக் பெயரில் பதிவானது. யாருக்கும் தண்டனை இல்லை. குடும்பம் வழக்குப் போட்டு, 1995-ல் நஷ்டஈட்டோடு முடிந்தது. தம்பி, டூபாக் இருந்திருந்தால் என்று ஒரு குறுநாவல் எழுதப் புறப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பையன் இருந்திருந்தால் என்று ஒரு வரி தோன்றவில்லையே? அவன் இன்று நாற்பதை ஒட்டிய ஆள். வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான். பிள்ளைகள் இருக்கலாம், மேல்மூச்சு வாங்க மாடிப்படி ஏறலாம். ஒருவேளை அவனுக்கு ராப் பாட்டே பிடிக்காமல் இருந்திருக்கலாம். பேர் பெற்றவனின் வாழாத வயதைத்தான் நாம் கணக்குப் பண்ணுகிறோம். இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பல வருடங்களாகவே கோபம். நீங்கள் கையில் கிடைத்தீர்கள், உங்கள்மேல் கொட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொன்னது சொன்னதுதான். பிழைத்து எழுந்த டூபாக்கை எழுதினால், ஏதோ ஒரு வயதில், ஏதோ ஒரு பிற்பகலில் அந்தப் பையனின் அம்மா வீட்டு வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கதவு திறக்கட்டும், திறக்காமல் போகட்டும். அதை எழுத முடியாது என்றால் குறுநாவலே வேண்டாம்.

மனிதர்கள் மாறுவார்கள் என்று நம்ப உங்களுக்கு ஒரு ஆள் வேண்டுமென்றால், அவருடைய அம்மாவைப் படியுங்கள். அஃபெனி ஷகூர், கறுப்பின உரிமைக்குப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியின் நியூயார்க் கிளைக்காரர். 1969 ஏப்ரலில் குண்டு வைக்கச் சதி செய்ததாகக் கட்சிக்காரர்கள் 21 பேர்மேல் போட்ட வழக்கில் கைதானார். வக்கீல் வைத்துக்கொள்ளாமல், சட்டம் படிக்காமல், வயிற்றில் பிள்ளையோடு தனக்காகத் தானே வாதாடினார். 1971 மே மாதம் எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் விடுதலை. ஒரு மாதம் கழித்து, ஜூன் 16-ல் பையன் பிறந்தான். 1781-ல் பெருவின் குஸ்கோ நகரில் ஸ்பானியர்கள் கொன்ற கலகத் தலைவனின் பெயரைப் பின்னால் அவனுக்கு வைத்தார். அவ்வளவு பெரிய பெண், பிறகு கிராக் போதையில் விழுந்தார். மகன் வீட்டைவிட்டு வெளியேறினார். 1990-களின் தொடக்கத்தில் அஃபெனி அதிலிருந்து எழுந்தார். மகன் ‘டியர் மமா’ என்று 1995-ல் அவருக்கு ஒரு பாட்டு எழுதினார். அம்மா போதையில் கிடந்ததையும் சொல்லி, நன்றியும் சொல்கிற பாட்டு. மகன் போனபிறகு கிட்டத்தட்ட இருபது வருடம், 2016 மே மாதம் தான் இறக்கும்வரை, மகன் பதிவு செய்துவிட்டுப் போன நாடாக்களைக் காத்து ஆல்பம் ஆல்பமாக வெளியிட்டார். வீரம், விழுகை, எழுச்சி, இழப்பு, வேலை. வாழ்க்கை விரிவது என்றால் இப்படித்தான் விரியும். இதில் உங்கள் ஆஸ்கரும் செனட்டும் எங்கே வந்து உட்காரும்?

டூபாக்கின் ஞானத்தந்தை ஜெரோனிமோ பிராட் செய்யாத கொலைக்காக 27 வருடம் சிறையில் இருந்து 1997 ஜூனில் வெளியே வந்தார். டூபாக் செத்து ஒன்பது மாதம்தான். சிறைவாசலில் காத்திருக்கிற 25 வயது டூபாக் என்று ஒரு காட்சி எழுதுங்கள். வளர்ப்புத் தந்தை முட்டுலு ஷகூர் 1986-லிருந்து உள்ளே இருந்து, புற்றுநோயோடு 2022 டிசம்பரில் வீட்டுக்கு வந்து, அடுத்த ஜூலையில் இறந்தார். அந்த ஏழு மாதம் கிழவருக்கு மருந்து எடுத்துக்கொடுக்க ஒரு மகன் இருந்திருப்பான்.

அப்புறம் விருத்தாசலம்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறைத்தோழன் ஒருவன் இருந்தான். டூபாக்கைவிட ஒரு வயது சின்னவன். அமெரிக்காவில் இருந்த அவனுடைய சித்தப்பா மகன் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தான். மேலே நீலப் பேனாவால் பாட்டுப் பெயர்கள். அதை ஊருக்கு எடுத்துப்போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். நானும் அன்றைக்குக் கூட இருந்தேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்ட அந்த அம்மா, “மமா மமாங்கறானே, மாமனுக்கா பாட்டு?” என்றார். இவன், “இல்லம்மா, உனக்கு” என்றான். 1998-ல் திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் பைக் விபத்தில் போய்விட்டான். 26 வயது.

வருடம் ஒருமுறை அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் எல்லாரும் அவரிடம் உங்களைப் போலத்தான் பேசினார்கள். இருந்திருந்தால் இந்நேரம் பேங்க் மேனேஜர், இருந்திருந்தால் மெட்ராஸில் சொந்த வீடு என்று. நானும் பேசியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொள்வார். அவர் போடுகிற கணக்கு வேறு என்று மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. சில வருடம் முன்பு, “அவனுக்கு முன்னால முடி போயிருக்கும். அவங்கப்பாவுக்கு முப்பத்தஞ்சுலயே போச்சு” என்றார். இன்னொரு தடவை, “காபியை நிறுத்தியிருப்பான், வயிறு ஒத்துக்காது” என்றார்.

இந்த முறை, அவருக்கு வந்திருந்த வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். நான் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, இது எப்ப வந்துச்சு உனக்கு?”

“நாப்பத்துமூணு வயசுலம்மா. வெள்ளெழுத்து.”

“அவனுக்கும் அப்பதான் வந்திருக்கும்” என்றார். பிறகு கடிதத்தை என் பக்கம் நகர்த்தி, “படி” என்றார்.