உடல் வராதவருக்குக் கல் வைக்கலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம். என் தாய்மாமா கடற்படையில் இருந்தார். 1971 போரில் குக்ரி கப்பலோடு போய்விட்டார். தந்தி மட்டும்தான் வந்தது. ‘பாகிஸ்தான்காரன் புடிச்சு வச்சிருப்பான், என் புள்ள வந்துடுவான்’ என்று சொல்லி, ஆயா கடைசிவரை கருமாதி செய்ய விடவில்லை. போன வருஷம் ஆயாவும் காலமானார். மாமாவுக்கு எங்கள் நிலத்தில் ஒரு கல் வைக்க நினைக்கிறோம். உடல் இல்லாமல் சமாதி எழுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

அன்புள்ள தம்பி,

தாராளமாக வையுங்கள்.

ஆயா காத்திருந்ததை யாரும் பிடிவாதம் என்று பேசவேண்டாம். முகத்தைப் பார்க்காமல் எந்தத் தாய்க்கு மனசு ஆறும்? குக்ரி மூழ்கியது 1971 டிசம்பர் 9 இரவு, குஜராத் கரையோரம் உள்ள தியூவுக்கு அப்பால். ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ தாக்கி, சில நிமிடங்களில் கப்பல் உள்ளே போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் கப்பலை விட்டு இறங்கவில்லை. பிழைத்த 67 பேரை மறுநாள் கரைசேர்த்தது நம் கடற்படைக் கப்பல்தான். குக்ரி இன்றும் கடலடியில் கிடக்கிறது. யாராவது ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். தந்தியின் இரண்டு வரியில் என்ன விளங்கும்?

பெரியவர்கள் பயப்படுவது சமாதிக்கு. நீங்கள் வைக்கப்போவது நடுகல், சண்டையில் செத்தவரின் நினைவுக்கு நடுகிற கல். அது நம் மண்ணின் வழக்கம். நம் பழைய வடாற்காட்டில் இருந்த செங்கத்துப் பக்கம், எடுத்தனூரில் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கச் சண்டையிட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. வில்லோடு அவன் நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய். அவனைப் பற்றிய எழுத்தை ‘பட்டான் கல்’ (சண்டையில் இறந்தவனின் கல்) என்று முடித்துவிட்டு, கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் நிற்கிற ஊர்ப்பக்கம் இது. உங்கள் மாமாவின் பெயர் தந்தித் தாளோடு போகலாமா? எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கல்லில் பெருமைச் சொற்களை அடுக்கவேண்டாம். பழைய கல்லில் இருப்பதைப் போல, யார் மகன், எந்த ஊர், யாருக்காகப் போனான், எங்கே பட்டான் என்பது போதும். கப்பலின் பெயரும் தேதியும் கட்டாயம் இருக்கட்டும். முடிந்தால் கப்பலையும் செதுக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பிள்ளைகள் நின்று கேட்பார்கள். டிசம்பர் 9-ல் ஆயாவுக்கும் சேர்த்தே படையலிடுங்கள்.

ஒரு வேலை மட்டும் முன்னதாக முடித்துவிடுங்கள். டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு போரில் இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அங்கே மாமாவின் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, வீட்டிலுள்ள தாள்களோடு ஒப்பிட்டபிறகு சிற்பியிடம் கொடுங்கள்.