கொசுவைப் பிரித்தறியும் படிப்பு

கேள்வி: விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஒட்டுண்ணி நோய்களையும் அவற்றைக் கடத்தும் பூச்சிகளையும் ஆராய ஆசை. வீட்டிலோ, ‘கொசுப் பிடிப்பதற்கு ஒரு பட்டமா?’ என்கிறார்கள். இதற்குத் தனிப் படிப்பு உண்டா?
– வாசகி, மேலூர்

பதில்: உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், புதுவைப் பல்கலைக்கழக இணைப்புடன் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. அதன் களநிலையம் மதுரை சின்னச்சொக்கிக்குளத்திலேயே இருக்கிறது.

வீட்டாரிடம், கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸின் கதையைச் சொல்லுங்கள். 1895 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவர் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடிக் கொசுக்களை அறுத்துப் பார்த்தும் பயனில்லை. அவர் அறுத்தவை மலேரியாவைக் கடத்தாத இனங்கள். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில், இறக்கையில் புள்ளியுள்ள அனாஃபிலிஸ் வகைக் கொசு கையில் கிடைத்த பிறகே அதன் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். எந்தக் கொசு என்று பிரித்தறிவதே இந்தப் படிப்பின் உயிர்நாடி என்பேன். நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தபடி மிதக்கும் கொசுப்புழு அனாஃபிலிஸ் என்றும், தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது க்யூலெக்ஸ் என்னும் வேறு வகை என்றும் கண் பழக வேண்டும். வளர்ந்த கொசுவைப் பிரித்தறிவதோ, பொழுது சாய்ந்ததும் டார்ச்சும் கொசு பிடிக்கும் உறிஞ்சுகுழாயுமாக மாட்டுத்தொழுவத்தில் நின்றுதான் பழகும். உங்கள் ஊர் வயல்களும் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைக் கடத்தும் க்யூலெக்ஸ் இனம் பெரும்பாலும் நெல்வயல் நீரில்தான் பெருகுகிறது. வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியாவை இட்டு, தண்ணீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் அதன் புழுக்கள் குறைவதை மதுரைப் பகுதி வயல்களிலேயே ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: யானைக்கால் நோய்ப் பரிசோதனைக்கு இரவு ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறார்களே, பகலில் வரக்கூடாதா?
– வாசகர், செல்லூர்

பதில்: பகலில் எடுத்தால் நோய் இருப்பவரின் இரத்தத்திலும் புழு அகப்படாமல் போகலாம். நம் பகுதியில் காணப்படும் யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் இரத்தக்குழாய்களில் தங்கி, அந்நோயைக் கடத்தும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் இரவு வேளையில்தான் தோலருகேயுள்ள இரத்தத்திற்கு வருகின்றன. ஆகவே, உறக்கம் கெட்டாலும் விரலை நீட்டுங்கள். அவர்களுக்கு வேண்டியது சில துளிகளே.